தாயம்மாளின் இடது கால்

1976-ஆம் வருஷம் கல்கத்தாவில் கார் ஓட்டிய தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் தாயம்மாள். காளிகாட்டில் டிராம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் மெஸ் நடத்தினார். என் பேர் கோபு. டல்ஹௌசியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். பதினோரு வருஷம் அந்த மெஸ்ஸில் சாப்பிட்டேன்.

மெஸ்ஸைத் தொடங்கியவர் அவர் புருஷன் மாரியப்பன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பழைய வேகன் ஒன்றை வாங்கி, பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தினமும் பகலில் அறுபது டிபன் கேரியர்களை அதில் அடுக்கி ஆபீஸ் ஆபீசாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். பதினெட்டு வருஷம் ஓட்டினார். எழுபத்து மூன்றில் ஒரு காலையில் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சு மட்டும் கொஞ்சம் மிஞ்சியது. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துத்தான் பேசுவார்.

வேகனை விற்றுவிடச் சொன்னவர்கள் உண்டு. டிரைவர் போட்டுக்கொள்ளச் சொன்னவர்கள் அதற்கும் மேலே. தாயம்மாள் பவானிபூரில் ஒரு டிரைவிங் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயசு. புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு இரண்டு மாசம் கற்றுக்கொண்டார். முதல் பரீட்சையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் வேகன் அவர் கையில்தான் ஓடியது. எங்கும் இடிக்கவில்லை.

பிறகு எஞ்சின் செத்தது. அந்த வண்டிக்கு உதிரிபாகம் வருவது நின்று பல வருஷம் ஆகியிருந்தது. பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருந்த ஹரிபத பாபு ஒரு யோசனை சொன்னார். விபத்தில் நொறுங்கிய அம்பாசடர் டாக்ஸி ஒன்று கிடக்கிறது, அதன் எஞ்சினையும் கியர் பெட்டியையும் கழற்றி இதில் வைத்துவிடலாம் என்றார். கல்கத்தாவில் பழைய வண்டிகள் பல அப்படி ஓடிக்கொண்டிருந்தவைதான். தாயம்மாள் சம்மதித்தார். மூன்று வாரம் டிபன் கேரியர்கள் ரிக்‌ஷாவிலும் டிராமிலும் போயின.

வண்டி தயாரான சனிக்கிழமை மத்தியானம் என்ன நடந்தது என்று நான் கண்ணால் பார்த்தேன். கரியாஹாட்டில் துணி வாங்கிவிட்டு வீட்டுக்குப் போக டிராமில் ஏறியிருந்தேன். நாலு ரோடு கூடும் இடத்தில் டிராம் நின்றது. முன்னால் தண்டவாளத்தின் மேல் தாயம்மாளின் பச்சை வேகன் நின்றிருந்தது. போலீஸ்காரர் கை காட்டியும் அது நகரவில்லை. எஞ்சின் ஓடுகிறது. ஆனால் கியர் போடும்போதெல்லாம் இரும்பை இரும்பால் அரைக்கிற சத்தம், டிராமுக்குள்ளே எங்களுக்கே பல் கூசியது. டிராம் டிரைவர் மணியை மிதித்துக்கொண்டே இருந்தார். பின்னால் இன்னொரு டிராம், அதற்குப் பின்னால் பஸ்கள். யாரோ எட்டிப் பார்த்து, ஓட்டுவது பெண் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு சிரிப்புக்குக் கேட்க வேண்டுமா. "பௌதி, போய்ச் சோறு வடிங்க" என்று நடைபாதையிலிருந்து ஒருவன் கத்தினான். பௌதி என்றால் அண்ணி. அங்கே பழக்கப்பட்ட பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் இறங்கிப் போய் உதவியிருக்கலாம். போகவில்லை. துணிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

நாலு தடவை அரைத்த பிறகு தாயம்மாள் எஞ்சினை நிறுத்தினார். தெருவே ஒரு கணம் அமைதியானது போல இருந்தது. எஞ்சின் நின்ற நிலையில் கியரைப் போட்டார்; இதைப் பிறகு அவரே சொன்னார். சத்தமே இல்லாமல் விழுந்தது. அப்படியே சாவியைத் திருப்பினார். வேகன் ஆடு முட்டுவது போல ஒரு குதி குதித்து, எஞ்சினும் பிடித்துக்கொண்டு, ஓடியே போய்விட்டது.

திங்கட்கிழமை கராஜுக்குப் போனார். ஹரிபத பாபு கெட்டவர் இல்லை. ஐம்பது வயசு, வெற்றிலை போட்ட வாய், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். அவரிடம் நிதாய் என்று ஒரு மிஸ்திரி, அதாவது மெக்கானிக். எஞ்சினை இறக்கி ஏற்றியது நிதாய்தான். கம்பியை முறுக்கி கிளச்சுப் பெடலைச் சரிசெய்தார்கள். சரியாகவில்லை. இரண்டாம் தடவை போனபோது, கிளச்சுக்குப் போகும் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று எண்ணெயை வடித்து மாற்றினார்கள். அப்போதும் அரைத்தது. மூன்றாம் தடவை நிதாய் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து நிறுத்தினான். எங்கேயும் சத்தமில்லை.

"கிச்சு நா, பௌதி" என்றார் ஹரிபத பாபு. ஒன்றுமில்லை என்று அர்த்தம். "வண்டியில குறை இல்லை. உங்க காலு பாதி மிதியில நிக்குது. கிளச்சு மேலயே காலை வச்சு ஓட்டுறீங்க. அப்படி ஓட்டினா பிளேட்டு கருகிடும். கருகியே போயிருக்கும். பெண்கள் காலுக்கு அவ்வளவுதான் பலம். ஒரு டிரைவரைப் போடுங்க."

தாயம்மாளின் வங்காளி மார்க்கெட்டில் கற்றது. இலக்கணம் இருக்காது, ஆனால் சொல்ல வந்தது போய்ச் சேரும். "மூணு வருஷமா இதே காலாலதான் ஓட்டினேன்" என்றார்.

"அது பழைய பொட்டி, பௌதி. லேசா மிதிச்சாலே போதும். இது டாக்ஸிப் பொட்டி."

பெட்டியை இறக்கிப் பார்க்கச் சொன்னார் தாயம்மாள். அது முழு நாள் வேலை, வீண் வேலை என்றார் ஹரிபத பாபு.

அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸில் இதுதான் பேச்சு. வேதாச்சலம் என்று ரயில்வேயில் சூப்பரிண்டென்டென்ட் ஒருவர், எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்கெல்லாம் தலைவர் போல நடந்துகொள்வார். மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே தீர்ப்பு சொன்னார்.

"இங்க பாரும்மா. ஆம்பளையா லட்சணமா ஒரு டிரைவரைப் போட்டுட்டு, நீ அடுப்படியைப் பாரு. எல்லா வேலையையும் எல்லாரும் செய்ய முடியாது."

"அடுப்படியும் நாந்தான் பாக்கேன் சார். உங்க எலையில இருக்குறதை வேற யாரு பொங்கினா?" என்றார் தாயம்மாள்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, எதுக்கும் கொஞ்சம் நல்லா அழுத்தி மிதிச்சுப் பாருங்களேன்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்று நாள் எனக்கு இரண்டாம் தடவை கூட்டு வரவில்லை.

அவருக்கு அதைவிட உறைத்தது வேறொன்று. மாரியப்பனும் அதையே சொன்னார். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "ஏட்டி… காலை… எடு. கிளச்சுல… வைக்காதே" என்றார்.

"நீங்களுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு தாயம்மாள் உள்ளே போனார்.

மறுநாளும் வண்டியை எடுத்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எஞ்சினை அணைத்து, கியரைப் போட்டு, கியரிலேயே ஸ்டார்ட் செய்து, குதித்துக் குதித்து டல்ஹௌசி போய்வந்தார். ஒரு டிபன் கேரியரில்கூட ரசம் கொட்டவில்லை. எல்லாவற்றையும் பழந்துணியால் கட்டி வைத்திருந்தார். இப்படி ஒன்பது நாள் ஓட்டினார். அந்த ஒன்பது நாளும் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். கையில் பள்ளிக்கூடத்து மர ஸ்கேல் இருந்தது.

"தம்பி, வண்டியில ஏறி உக்காந்து கிளச்சை மிதிங்க. நல்லா அழுத்தி மிதிங்க" என்றார். கடைசி வார்த்தைகளில் ஊசி இருந்தது.

வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தார். பெடலை மிதித்தால் கியர் பெட்டியின் பக்கத்தில் ஒரு இரும்புக் கை நகரும். அது எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலை வைத்து அளந்தார். மூன்று தடவை மிதிக்கச் சொன்னார். மூன்று தடவையும் ஒரே அளவு. பிறகு எழுந்து, முதுகில் மண்ணோடு நேராகக் கோயில் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டுக்கு நடந்தார். அங்கே சர்தார்ஜி டிரைவர் ஒருவர் அவருக்குப் பழக்கம். தயிர்சாதம் வாங்க வருவார். அவருடைய அம்பாசடருக்கு அடியிலும் படுத்து அளந்தார். ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். தாயம்மாள் கவலைப்படவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் வெளியே வந்து. "வெளியில நகர வேண்டியது சரியாத்தான் நகருது. அப்போ குத்தம் உள்ள இருக்கு. காலு உள்ள போகாதுல்லா?"

எனக்கு விளங்கவில்லை. நடைபாதையில் நின்றபடியே விளக்கினார். எஞ்சின் சுற்றுகிறது. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு தட்டு சுற்றுகிறது. அந்தத் தட்டுதான் கியர் பெட்டியைச் சுற்றவைக்கிறது. பெடலை மிதித்தால் தட்டு எஞ்சினை விட்டுப் பிரிய வேண்டும். பிரிந்தால்தான் கியர் சத்தமில்லாமல் விழும்.

"பிளேட்டு கருகிப்போச்சுங்காரு ஹரிபத பாபு. கருகின தட்டு என்ன செய்யும்? வழுக்கும். பிடிக்கவே பிடிக்காது. எஞ்சின் கத்தும், வண்டி நகராது. எங்க வீட்டுக்காரர் ஓட்டும்போது இதே வண்டிக்கு ஒருதடவை அப்படி ஆச்சு, எனக்கு ஞாபகம் இருக்கு. இப்போ அப்படியா செய்யுது? இது பிடிச்ச பிடியை விடமாட்டேங்குது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரு தம்பி. பிடிக்காததுக்கு உள்ள காரணத்தை, விடாததுக்குச் சொல்லுதாரு."

நான் பி.ஏ. படித்தவன். அவர் ஐந்தாம் வகுப்பு. 

"ஆனா நாஞ்சொன்னா கேக்கமாட்டாக" என்றார். "என் காலைத்தான் சொல்லுவாக. நாளைக்கு ஆபீசுக்கு லீவு போடுங்க. உங்க ரூம்ல இருக்கிற சுந்தரத்தையும் கூட்டிட்டு வாங்க. ஒரு ஆளைத் தூக்கணும்."

திங்கட்கிழமை மெஸ் வாசலில் 'இன்று மதியம் சாப்பாடு இல்லை' என்று அட்டை தொங்கியது. சுந்தரமும் நானும் மாரியப்பனை வேகனின் முன் சீட்டில் தூக்கி வைத்தோம். எங்கே போகிறோம் என்று அவருக்கே சொல்லவில்லை. கராஜுக்குள் வண்டி குதித்து நுழைந்தபோது ஹரிபத பாபு டீ குடித்துக்கொண்டிருந்தார். வேறு வண்டிக்காரர்கள் நாலைந்து பேர் பெஞ்சில் இருந்தார்கள்.

"இவரை டிரைவர் சீட்டுக்கு மாத்துங்க" என்றார் தாயம்மாள் எங்களிடம். மாற்றினோம். மாரியப்பனின் வலது கால் மரக்கட்டை மாதிரி ஒரு பக்கம் கிடந்தது. இடது கால் நல்ல கால். கிளச்சை மிதிப்பதும் இடது கால்தான்.

தாயம்மாள் பக்கத்து சீட்டில் ஏறி எஞ்சினை ஓடவிட்டார். பிறகு கராஜுக்கே கேட்கும்படி வங்காளியில் சொன்னார். "இது எங்க வீட்டுக்காரர் காலு. பதினெட்டு வருஷம் இந்த வண்டியை ஓட்டின ஆம்பளைக் காலு. பாத்துக்குங்க." தமிழில் புருஷனிடம், "இந்தாங்க, மிதிங்க. தரையைத் தொடுற மட்டும் மிதிங்க" என்றார்.

மாரியப்பன் மனைவியைப் பார்த்தார். பெடலை மிதித்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் கால் அதில் பட்டது. நெற்றி நரம்பு புடைக்க மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது. நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். தாயம்மாள் ரிவர்ஸ் கியருக்குத் தள்ளினார்.

அதே சத்தம். பெஞ்சில் இருந்த ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

மாரியப்பன் மெதுவாகத் தலையைத் திருப்பினார். கண்ணால் ஹரிபத பாபுவைத் தேடிப் பிடித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு மாரியப்பனுக்குத் தமிழே தடுமாறும், ஆனால் அப்போது வங்காளியில் கேட்டார். "ஆமார்… பா-ஓ?" என் காலுமா?

ஹரிபத பாபு டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "தாதாவுக்கு உடம்பு சரியில்லை…" என்று தொடங்கினார். தாதா என்றால் அண்ணன்.

"அப்போ நிதாய் வரட்டும்" என்றார் தாயம்மாள். "அன்னைக்கு ஒரு சத்தமில்லாம ஓட்டினாரே. எப்படின்னு நான் பாத்தேன். கியரைப் போட்டுட்டுத்தான் சாவியைத் திருப்பினாரு. அதே வேலையை நான் ஒன்பது நாளாச் செய்யுதேன். இப்போ எஞ்சின் ஓடும்போது, நின்ன இடத்துல போடச் சொல்லுங்க."

நிதாய் கிரீஸ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். வரவில்லை. அவன் முதலாளியைப் பார்த்தான், முதலாளி தரையைப் பார்த்தார்.

தாயம்மாள் இறங்கி வந்தார். ரவிக்கைக்குள்ளிருந்து லைசென்ஸை எடுத்து ஹரிபத பாபுவின் மேஜைமேல் வைத்தார். "பொட்டியை இறக்குங்க. பிளேட்டு கருகியிருந்தா இதை எடுத்து நீங்களே அடுப்புல போடுங்க. இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன். கருகலைன்னா, யார் தப்புன்னு இங்க நின்னு, இவங்க எல்லாரும் கேக்க நீங்க சொல்லணும்."

பெஞ்சில் இருந்தவர்கள் இனி எழுந்து போவார்களா. ஹரிபத பாபு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "இறக்கு" என்றார்.

காலை பத்துக்குத் தொடங்கினார்கள். நடுவில் கரண்ட் போய், ஷெட் அடுப்பு போலக் கொதித்தது. தாயம்மாள் உட்காரவில்லை. ஒவ்வொரு போல்ட் கழன்றபோதும் பக்கத்தில் நின்றார். மாரியப்பனுக்கு இரண்டு தடவை தண்ணீர் கொடுத்ததைத் தவிர அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. இரண்டு மணிக்குப் பெட்டி தரைக்கு வந்தது. இன்னும் அரைமணியில் தட்டு நிதாயின் கையில் இருந்தது.

கருகவில்லை. எஞ்சின் மாற்றும்போது போட்ட புதுத் தட்டு, அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஆனால் அதன் நடுவில் குழல் மாதிரி துருத்திக்கொண்டிருந்த பகுதியின் விளிம்பு வட்டமாகத் தேய்ந்து, வெள்ளி போலப் பளபளத்தது. தாயம்மாள் அதை விரலால் தடவினார். எஞ்சினின் பின்பக்கச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். அங்கே போல்ட் தலைகளும் அதே மாதிரி பளபளத்தன.

"இதும் அதும் உரசியிருக்கு" என்றார். "இந்தத் துருத்தல் பொட்டிப் பக்கம் இருக்கணுமோ? எஞ்சின் பக்கம் இருந்தா முட்டிக்கிட்டு நிக்குமே. எப்படிப் பிரியும்?"

 தட்டின் ஒரு பக்கம் இங்கிலீஷ் எழுத்துகள் பொறித்திருந்தன. தாயம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நிதாயிடம் காட்டி, "இது என்ன எழுத்து?" என்றார்.  பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்துவந்து, "ஃப்ளைவீல் சைடு" என்று உரக்கப் படித்தார். எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டிய முகம் என்று அர்த்தம். அது இத்தனை நாளும் கியர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

ஹரிபத பாபு சட்டென்று நிதாய்மேல் பாய்ந்தார். கழுதை, குருடன் என்று தொடங்கினார்.

"அவரைத் திட்ட வேண்டாம்" என்றார் தாயம்மாள். "கை தவறுறது யாருக்கும் உண்டு. எங்கிட்டயும் உப்பு கூடிப்போகும். மூணாவது தடவை வந்தப்போ பொட்டியை இறக்கிப் பாருங்கன்னு சொன்னேன். பாக்கவேண்டாம்னது அவரு இல்லை. என் காலைச் சொன்னதும் அவரு இல்லை."

ஹரிபத பாபுவின் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் அப்போது அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். இருபது வருஷமாக அந்த இடத்தில் கராஜ் வைத்திருப்பவர். வாடிக்கைக்காரர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

"பௌதியின் காலில் குற்றம் இல்லை" என்றார்.

"அது எனக்குத் தெரியும். தப்பு யாருது?"

ஹரிபத பாபு பெஞ்சில் இருந்தவர்களை ஒரு முறை பார்த்தார். "என்னுது" என்றார்.

தாயம்மாள் மேஜைமேல் இருந்த லைசென்ஸை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "சரி. இப்போ ஒழுங்கா மாட்டுங்க. நான் இங்கதான் நிக்கேன்."

சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியை வெளியே எடுத்தார். ஓடுகிற எஞ்சினில், நின்ற இடத்தில் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. மாரியப்பன் பக்கத்து சீட்டில் இருந்தார்.  மெஸ் வாசலில் நாங்கள் அவரை இறக்கும்போது மனைவியின் கையைப் பிடித்து, "நான்… சொன்னது… தப்பு" என்றார்.

"வீட்டுக்குள்ள போவோம், வாங்க" என்றார் தாயம்மாள். வாசல் தாண்டும்வரை அந்தக் கையை விடவில்லை. 

மறுநாளிலிருந்து மாரியப்பனும் வேகனில் டல்ஹௌசி வரத் தொடங்கினார். தினமும் முன் சீட்டில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஆபீஸ் காவல்காரர்களுக்கெல்லாம் இடது கையால் சலாம் போடுவார். எண்பத்தொன்றில் காலமாகும்வரை வந்தார்.

ஒரு விஷயம் எனக்குப் புரியாமலே இருந்தது. அதற்குப் பிறகும் தாயம்மாள் ஹரிபத பாபுவின் கராஜுக்கே வண்டியை விட்டார். பாலிகஞ்சில் கராஜுக்கா பஞ்சம் என்று ஒருநாள் கேட்டேன்.

"வேற எடத்துக்குப் போனா முதல்ல இருந்து தொடங்கணும் தம்பி" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவுகளுக்குத் தோணும். இங்க அந்த வேலை முடிஞ்சுபோச்சு."

அவர் போவது மட்டுமல்ல, இன்னொருவரையும் கூட்டிப்போனார். லேக் மார்க்கெட் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்த ஒரு வங்காளி அம்மாள், சொந்தமாகச் சின்னக் கார் ஓட்டுபவர். வண்டி மேட்டில் ஏறவில்லை என்றால் எந்த மிஸ்திரியும் அவர் ஓட்டுவதைத்தான் குறை சொல்கிறாராம். தாயம்மாள் அவரோடு ஒரு மத்தியானம் கராஜுக்குப் போய்விட்டு, இரவுச் சமையலுக்கு அரிசி களையும் நேரத்துக்குத் திரும்பி வந்தார்.

"என்னக்கா பேசினீங்க?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குப் பேசணும்? பக்கத்துல போயி நின்னேன். பானெட்டைத் திறந்துட்டாக."